மேலே ஆள் உண்டு

திருவனந்தபுரத்தில் புதிதாக வந்திருக்கும் சர்வகலாசாலை ஒரு விழா நடத்தப் போகிறது, ராஜ்யத்தின் ஒவ்வொரு பகுதியும் தன் தன் தொழிலை அங்கே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று நெடுவிளைக்குச் சேதி வந்தபோது ஊரில் யாரும் நம்பவில்லை. பனையேறுவதைப் படித்தவர்கள் கூடி நின்று பார்ப்பார்களாம். பார்த்துவிட்டுக் கைதட்டுவார்களாம். வருஷம் முழுக்க ஏறி இறங்குகிறவனை நிமிர்ந்து பார்க்க நாதியில்லை, இதற்கொரு விழாவா என்று சிரித்தார்கள். கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினாலு, மாசி மாதம். பனைகள் பாளை விட்டு, அக்கானி என்கிற பதநீர் சுரக்கத் தொடங்கியிருந்த நேரம்.

சேதி கொண்டுவந்தவர் செல்வதாஸ். கொட்டாரம் ஊர்க்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து மேலே மேலே போய், இப்போது அந்தச் சர்வகலாசாலையிலேயே பாடம் சொல்கிறவர். அவரோடு பனங்காட்டுக்குச் சொந்தக்காரர் வள்ளிநாயகம் பிள்ளையும் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். இருவரும் சிலுவைதாசனின் விடிலிக்கு முன்னால் நின்றார்கள். விடிலி என்றால் அக்கானி காய்ச்சும் ஓலைக் குடில்தான். உள்ளே புகை நிறைந்திருந்ததால் பிள்ளை எட்டியே நின்றார்.

"ஏலே சிலுவைதாசா, ஒனக்கு யோகம் அடிச்சிருக்கு கேட்டியா. தெக்கத்திப் பனையேறின்னு ஒன்னயத்தான் அங்க நிறுத்தப் போறாவ."

"நான் அங்கன போய் என்ன செய்யணும் அய்யா?"

"இங்க செய்யதத்தான் அங்கயும் செய்யணும்," என்றார் செல்வதாஸ். "நீரு மரம் ஏறிக் காட்டும். வீட்டுப் பொம்பளையள் அக்கானி காச்சிக் கருப்பட்டி ஊத்திக் காட்டட்டு. தொழில் சாமான் எல்லாம் மேசையில பரப்பி வைக்கணும். ரெண்டு செட்டு வேணும். ஒண்ணு ஏறுகதுக்கு, ஒண்ணு ஆளுவ பாக்கதுக்கு."

"திருவனந்தபுரத்துல பனைக்கு எங்க போவியோ?"

"மரம் நான் தாறேன்," என்றார் பிள்ளை. "ஓடைக்கரையில ஒண்ணு சும்மாத்தானே நிக்கி. நாலு வருசமா நீயும் ஏறல்ல, வேற ஆளையும் ஏற விடல்ல. அடிமரத்துல இருபத்தஞ்சு அடி வெட்டி லாரியில ஏத்திரலாம்."

சிலுவைதாசன் பாகு கிண்டுவதை நிறுத்தினான். "அது ஜான்ரோசுக்க மரமாக்கும் அய்யா."

"மரத்துல பேரா எழுதி வச்சிருக்கு?"

மரம் பிள்ளையுடையது. செத்துப்போன தம்பி மட்டும்தான் அவனுடையவன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி விடியற்காலையில் ஜான்ரோஸ் அந்தப் பனையிலிருந்து விழுந்து செத்தான். பனையேறி பனையிலிருந்து விழுவது அந்தப் பக்கத்தில் கேள்விப்படாத சங்கதி அல்ல. ஆனால் அவன் சாவைப் பற்றி நெடுவிளையில் ஒரு கதை உண்டு. அதைச் சொன்னவன் சிலுவைதாசன்தான்.

அண்ணனும் தம்பியும் ஒரே காட்டில் ஏறினார்கள். இது உன் மரம், இது என் மரம் என்று கோடு போட்டுக்கொள்ளவில்லை. விடியுமுன் போகிறவர்களுக்கு மரத்தின் மேலே ஆள் இருக்கிறதா என்று ஓலைக்குள் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மரத்தடிக்கு வந்ததும், ஏறுவதற்கு முதல் மிதியாகச் சாய்த்துவைக்கும் முருக்குத்தடியால் மரத்தில் ஒரு தட்டு. மேலே ஆள் உண்டா என்று அர்த்தம். தட்டிவிட்டு உள்ளங்கையை மரத்தில் விரித்து வைக்க வேண்டும். மேலே ஆள் இருந்தால் அரிவாளின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டுவான். ஆள் உண்டு. காற்றில் காதுக்குக் கேட்காது. ஆனால் பனை நெடுகிலும் இறங்கி வந்து உள்ளங்கையில் படும். ஒன்றும் படாவிட்டால் மரத்தில் ஆள் இல்லை, ஏறலாம்.

அந்த வாரம் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. ஜான்ரோஸ் தனி விடிலி போடவேண்டும் என்றான். பூங்கனியைக் கட்டி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கட்டினவளுக்கென்று ஒரு அடுப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டான். சிலுவைதாசனுக்கு அது பொறுக்கவில்லை. ஆறு நாள் முகம் பார்க்கவில்லை. பேச்சுத்தான் இல்லையே தவிர, தட்டு இருந்தது. தொழிலில் பிணக்கம் காட்ட முடியாதே.

அன்றைக்குக் காற்று ஓலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. சிலுவைதாசன் ஓடைக்கரைப் பனைக்குப் பாதைப் பக்கமாக வந்தான். மரத்துக்கு அந்தப் பக்கம் தாழைப்புதர், அப்புறம் ஓடை. ஒரு தட்டுத் தட்டிக் கையை வைத்தான். இரண்டு தட்டு வந்தது. தம்பி மேலே இருக்கிறான் என்று அடுத்த மரத்துக்குப் போய்விட்டான். தன் முறையை முடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் தாழைக்கு அருகில் நாய் குரைத்தது. போய்ப் பார்த்தான். ஜான்ரோஸ் கிடந்தான்; உயிர் இல்லை.

அடக்கத்தன்றைக்குச் சிலுவைதாசன் தன் உள்ளங்கையை எல்லாரிடமும் காட்டி அழுதான். "எங்கூட ஆறு நாளா பேசல்ல. போகும்போது பதில் சொல்லிட்டுப் போயிருக்கான். இந்தக் கையிலதான் சொன்னான்." உபதேசியார் அதையே பிரசங்கமாக எடுத்துக்கொண்டார். மேலே ஆள் உண்டு என்று நம் சகோதரன் நமக்குச் சொல்லிப் போயிருக்கிறான் என்று அவர் சொன்னபோது கல்லறைத் தோட்டத்தில் அழாதவர் இல்லை, பூங்கனியைத் தவிர. அவள் ஜான்ரோஸின் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டினவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று ஊரில் பெயர் வந்தது. பிள்ளை குட்டி இல்லை, போக இடமில்லை. சிலுவைதாசன் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அதன்பிறகு அவனுக்கு அந்த இரண்டு தட்டு அவ்வப்போது உள்ளங்கையில் விழும். சோற்றுத் தட்டில் கை வைத்திருக்கும்போது விழும். கோயிலில் ஜெபத்துக்குக் கைகுவித்திருக்கும்போது விழும். பயமாக இருந்தாலும் தம்பியின் ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டான். யாராவது கேட்டால் கதையை மறுபடி சொல்வான். அவன் சொல்லத் தொடங்கினாலே பூங்கனி எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவாள். துக்கம் தாங்காமல் போகிறாள் என்று நினைத்தான்.

லாரி வந்த அன்று சிலுவைதாசனின் மனைவி ராகேல் சட்டிகளை வைக்கோலில் பொதிந்துகொண்டே சொன்னாள்: "ஏட்டி பூங்கனி, நீ வரண்டாம். அந்த மரத்தக் கண்டா ஒனக்கு ஆகாது. நான் ஒருத்தியே காச்சிருவேன்."

"நான் வாறேன் அக்கா. எனக்கும் பாக்கணும்."

"பட்டணத்தயா?"

பூங்கனி கூரைச் சந்திலிருந்து ஒரு துணிப் பொதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜான்ரோஸின் அரிவாள். நாலு வருஷமாக யாரையும் தொட விட்டதில்லை. தீட்டித் தருகிறேன் என்று சிலுவைதாசன் இரண்டு தடவை கேட்டும், அது அப்படியே இருக்கட்டு என்றவள். "மேசையில வைக்க ரெண்டாஞ்செட்டு வேணும்னாருல்லா," என்றாள்.

சர்வகலாசாலை மைதானம் ஒரு கொடைவிழாவாக இருந்தது; சாமி மட்டும்தான் இல்லை. ஆலப்புழைக்காரர்கள் கயிறு திரித்தார்கள். குட்டநாட்டுக்காரர் இருவர் வயலே இல்லாத இடத்தில் நீர்ச்சக்கரத்தை மிதித்துக்கொண்டிருந்தார்கள். மலைநாட்டுப் பந்தலில் தேயிலை மணத்தது. நாகர்கோவில் மிஷன் பெண்கள் லேஸ் பின்னுவதைக் கோட்டுப் போட்ட மாணவர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். லேஸைத்தான் பார்த்தார்கள் என்று நம்புவோம். எல்லாவற்றுக்கும் நடுவில் நெடுவிளைக்கு ஓர் ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள்.

பாறசாலைப் பக்கத்திலிருந்து காலையிலேயே அக்கானி வந்து இறங்கியது. ராகேல் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சுண்ணாம்பு கூடிப் போச்சி. இதுல காச்சுனா நம்ம பேரு கெட்டுப்போவும்."

"பட்டணத்து ஆளுவளுக்கு என்ன தெரியும், கருப்பட்டின்னா கருப்பா இருந்தா மதி," என்றாள் பூங்கனி. அவள் விளையாட்டாகப் பேசி ராகேல் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பிறகு அரிவாளைத் துணியிலிருந்து பிரித்து, வாய்ப்பகுதி வெளியே தெரிய மேசையின் நடுவில் வைத்தாள்.

மரம் மைதானத்தில் படுத்துக் கிடந்தது. தலை நெடுவிளையிலேயே நின்றுவிட்டதால், வேறொரு பனையின் ஓலைகளைக் கொண்டுவந்து நுனியில் வைத்துக் கட்டியிருந்தார்கள். சிலுவைதாசனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அடிமரப் பக்கமாக நடந்தான். குழி வெட்டுகிறவர்கள் ஒன்றரை முழம் தோண்டியதும் பாறை தட்டுகிறது, இது போதும், நாலு பக்கமும் வடம் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவன் அந்த வெட்டுகளைப் பார்த்தான்.

வேர்ப்பக்கத்திலிருந்து இரண்டு முழத்துக்குள், ஓர் உள்ளங்கை அகலத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னச் சின்ன வெட்டுகள். மரம் வெட்டியவர்களின் கோடாலி பட்டதோ என்று குனிந்தான். கோடாலி வெட்டு புதிதாக இருந்தது. இவை பழையவை, கறுத்துப் போனவை. அரிவாள் வாய் பட்டவை. நிற்கிற மனுஷன் அவ்வளவு தாழ்வாகக் கொத்த மாட்டான். உட்கார்ந்தவனுக்கும் அது வாகாக இராது. தரையில் கிடக்கிறவன் கையை நீட்டினால்தான் அந்த இடம் எட்டும். எந்தப் பக்கம் என்று மரத்தின் வளைவை வைத்துப் பார்த்தான். தாழைப் பக்கம்.

எண்ணத் தொடங்கினான். முடியாமல் விட்டுவிட்டான்.

தட்டு மேலேயிருந்து வரவில்லை. பாதைப் பக்கம் இவன் நின்று மேலே ஆள் உண்டா என்று கேட்டபோது, தாழைப் பக்கம், ஒரு பனை அகலத்துக்கு அப்பால், முதுகொடிந்து கிடந்தவன் அரிவாளால் மரத்தைக் கொத்தியிருக்கிறான். காற்றில் அவன் கூப்பிட்டது கேட்கவில்லை. இரண்டு கொத்து இவன் கையில் பட்டதும், ஆள் உண்டு என்று இவன் கையை எடுத்துவிட்டான். கையை எடுத்தபிறகுதான் மற்ற வெட்டெல்லாம் விழுந்திருக்கிறது. ஒரு எட்டு சுற்றி வந்திருந்தால் போதும். நாலு வருஷமாக ஆறுதல் என்று நினைத்திருந்தது ஆறுதல் இல்லை. தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

சிலுவைதாசன் கடப்பாறையை வாங்கிக் குழியில் இறங்கினான்.

"எந்தினாடே இது? மதி, மதி," என்றான் குழி வெட்டுகிறவன்.

"இன்னும் அரை முழம் வேணும். ஏறுகவன் நானாக்கும்."

பாறையைப் பொடித்து அரை முழம் இறக்கினான். மரத்தைத் தூக்கி நிறுத்தும்போது வெட்டுகளின் மேல் தன் முதுகு மறைக்கிற மாதிரி நின்றான். மண்ணைத் தானே தள்ளி, தானே மிதித்தான். பூங்கனி பார்த்துவிடக் கூடாது. ஜான்ரோஸ் உடனே போய்விட்டான் என்கிற நினைப்பிலாவது அவள் இருக்கட்டும் என்றுதான் அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வேலை முடிந்து நிமிர்ந்தபோது அவள் அடுப்புக் கல்லைச் சரிசெய்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் கூடியது. தாச்சி என்கிற வாணலியில் பாகு திரண்டு வந்துகொண்டிருந்தது. பூங்கனி துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருக்க, ராகேல் சிரட்டைகளைக் கழுவி அடுக்கினாள். செல்வதாஸ் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார். தளைநார் இது, கால்களைப் பிணைக்கிறது. பாளையை நசுக்கும் கடிப்பு இது. சிலுவைதாசன் தளைநாரைத் தோளில் மாட்டி, முருக்குத்தடியோடு மரத்தடிக்கு வந்தான்.

தட்டக் கூடாது என்றுதான் வந்தான். முப்பது வருஷப் பழக்கம், கை கேட்கவில்லை. ஒரு தட்டு விழுந்துவிட்டது.

"பாருங்கள்," என்றார் செல்வதாஸ் உற்சாகமாக. "இது எங்கள் பக்கத்து வழக்கம். மேலே ஆள் உண்டா என்று கேட்கிறார்!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கட்டிவைத்த ஓலை வெயிலில் வாடித் தொங்கியது. "ஆளில்லே!" என்று ஒரு மாணவன் கத்தினான். கூட்டம் சிரித்தது.

சிலுவைதாசன் உள்ளங்கையை மரத்தில் வைத்திருந்தான். காற்று என்பதே இல்லை. வடங்கள் ஆடவில்லை. இரண்டு தட்டு வந்தது. எடுக்கப்போன கையை அவன் எடுக்கவில்லை. மறுபடி இரண்டு. மறுபடி. நிற்கவே இல்லை.

"ஏறும் ஓய்," என்றார் செல்வதாஸ் மெதுவாக.

அவன் முருக்குத்தடியைக் கீழே போட்டான். மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். மண்டியிட்டான். காலையில் தானே மிதித்து இறுக்கின மண்ணை இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்தான். இதுவும் தொழிலில் ஒரு சடங்கு என்று நினைத்துக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. முதல் வெட்டு தெரிந்தபோது ஒரு நிழல் விழுந்தது. பூங்கனி துடுப்போடு நின்றிருந்தாள்.

"நீ போ பிள்ள. அங்கன பாகு அடிபிடிக்கும்."

"அந்த வெட்டையா தேடுதீரு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ தட்டுனியா இப்பம்?"

"நான் அடுப்படியிலல்லா நிக்கேன்."

"வெட்டு இருக்கது ஒனக்கு எங்கன தெரியும்?"

"அரிவா சொல்லிச்சி," என்றாள். "அண்ணைக்கு அவருக்க கையிலேருந்து அதப் பிரிச்சு எடுத்தது நானாக்கும். காலையில தீட்டிக்கிட்டுப் போனா அவருக்க அரிவாள்ல முடி நிக்காது. அண்ணு வாய் முழுசும் மழுங்கி, பல்லுப்பல்லாக் கெடந்து. பாளை சீவுனா அப்படி மழுங்குமா அத்தான்? நீரு கையக் காட்டி ரெண்டு தட்டு, ரெண்டு தட்டுன்னு பறைஞ்சீரு. எனக்கு அங்கனயே விளங்கிட்டு, எங்க கெடந்து தட்டுனாருன்னு."

"நாலு வருசம் ஒரு வார்த்த கேக்கல்லியே."

"தெரிஞ்ச ஆளுகிட்ட என்னத்தக் கேக்க?" அவள் குரல் ஏறவில்லை. "ஆறு நாளு பிணக்கம். தட்டுனது கீழேருந்துன்னு தெரிஞ்சே விட்டுட்டுப் போயிட்டீரு, பொறவு ஊருக்கு ஒரு கதை கெட்டுனீருன்னுல்லா நான் வச்சிருந்தேன். அந்த நெனப்போடதான் உம்ம வீட்டுச் சோத்தத் தின்னேன். அரிவாள இங்க கொண்டு வச்சதும் அதுக்குத்தான். இத்தன சனத்துக்கு முன்னால நீரு அதப் பாக்கணும்."

"பிள்ள," என்றான் சிலுவைதாசன். "இந்த வெட்ட நான் இண்ணைக்குக் காலையிலதான் கண்டேன்."

பூங்கனி அவனைப் பார்த்தாள். அவன் விரல்களைப் பார்த்தாள். பொய் சொல்கிறவனின் கை அல்ல அது.

"அப்பம் உமக்கு அறியாதா?" என்றாள்.

தெரியாது என்று அவன் தலையை ஆட்டினான். அவள் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு வீட்டுக்குள் நாலு வருஷம், ஒருத்தன் ஒன்றும் தெரியாமலும் ஒருத்தி தப்பாகத் தெரிந்துகொண்டும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்கள்.

பந்தலிலிருந்து பாகு அடிபிடித்த நாற்றம் வந்தது. "ஏட்டி பூங்கனி!" என்று ராகேல் கத்தினாள். அவள் திரும்பவில்லை.

"ஒண்ணு மட்டும் பறையும் அத்தான். நீரு தட்டிட்டுப் போயி, திரும்பி வருகதுக்கு எவ்வளவு நேரம்?"

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

"ஆறு பனை," என்றான்.

ஒரு பனை ஏறி, பாளை சீவி, கலயம் மாற்றி இறங்க எவ்வளவு நேரம் என்று பனையேறியின் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவள் உதடு அசைந்தது. ஒவ்வொரு மரமாக அவள் மனசுக்குள் ஏறி இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாவது மரம் முடிந்ததும் அவள் குழிக்குள் கையை விட்டு, விரலை மடக்கி, அந்த வெட்டுகளின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு உள்ளங்கையை விரித்து வைத்தாள். சிலுவைதாசனும் தன் கையைப் பக்கத்தில் வைத்தான்.

குட்டநாட்டுக்காரரின் சக்கரம்கூட நின்றுவிட்டது. வெகுநேரம் வைத்திருந்தார்கள். மரத்தில் ஒன்றும் வரவில்லை.

"ஆள் இல்ல அத்தான்," என்றாள் பூங்கனி. அதன்பிறகுதான் அவள் அழுதாள்.